ஒரு மீட்டரில் மூன்று குடும்பம்

சமூக சேவைத் துறைக்கு வர நினைக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று வெள்ளவத்தைக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். காலி வீதி டிராஃபிக்கில் முக்கால் மணி நேரம் நின்றதில் தயாரித்து வந்தது பாதி மறந்துவிட்டது. நல்லதுதான், அதில் 'தலைமைத்துவம்' என்ற சொல் மட்டும் ஒன்பது இடத்தில் இருந்தது.

2004 சுனாமிக்கு அடுத்த நாள் கொழும்பில் லொறி ஏற்றின ஆட்களில் நானும் ஒருத்தி. அரிசி, பால்மா, சாரம். காசு வந்து கொட்டின காலம், வாகனத்தில் லோகோ ஒட்டாத நிறுவனம் இல்லை. சாமான் கொடுத்தால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன், அந்த நினைப்பு போக வருஷக் கணக்கானது.

ஏழைக் குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுத்த சமுர்த்தி உதவித்தொகைக்குப் பதிலாக 2023இல் அஸ்வெசும வந்ததே, அப்போது நான்கு வகை, மாதம் 2,500 ரூபாயிலிருந்து 15,000 வரை. அந்த நேரம் மட்டக்குளிப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து, நான் நடத்துகிற தொண்டு நிறுவனத்துக்கு ஒரு அக்கா வந்தார். (தேயிலையை நினைக்காதீர்கள், இது கொழும்புத் தோட்டம், ஒரு ஒழுங்கைக்குள் நாற்பது வீடு.) சொப்பிங் பையில் அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கரண்ட் பில், எல்லாம் ஈரம் பட்டு ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பட்டியலில் பெயர் இல்லை, ஏன் என்றும் விளங்கவில்லை. கணக்கெடுப்பில் பார்த்தவற்றில் மின்சாரப் பாவனையும் ஒன்று. அவருடைய பில்லை மட்டும் பார்த்தால் கொஞ்சம் வசதியான வீடு என்றுதான் தோன்றும். நேரில் போனோம். ஒரே மீட்டர், அதிலிருந்து வயர் இழுத்து மூன்று குடும்பம்.

அக்கா போட்ட மேன்முறையீட்டுக்குப் பதிலும் வந்திருந்தது, சிங்களத்தில் மட்டும். 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது, ஆனால் அந்தத் தாளுக்கு அது தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசித்து, மேலதிக ஆவணம் கேட்கிறார்கள் என்று சொல்லும்போது திகதி தாண்டிவிட்டது. எந்த அலுவலகம் என்பதை விடுங்கள், கவுண்டரில் இருந்தவரும் பாவம், தமிழில் எழுத அங்கே ஆளில்லை.

அக்காவுக்கு ஒரு உலர் உணவுப் பொதி கொடுத்து அனுப்பலாம். கொடுத்தோம்தான், பசித்தவரிடம் சட்டம் பேச முடியாது. அப்புறம் எங்கள் கள உத்தியோகத்தர் பிள்ளை ஒருத்தி அந்த ஒழுங்கையில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். அக்காவுடையதோடு சேர்த்து அதே மாதிரி 11 கடிதங்கள், நாலில் அதே மீட்டர் கதை. எல்லாவற்றையும் கோர்த்து ஒரு முறைப்பாடு, கூடவே தகவலறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம். அட்வகசி, அதாவது மக்களின் உரிமைக்காக வாதாடுவது, என்று ஹோட்டல்களில் செயலமர்வு வைக்கிறார்களே, அது நடந்தது ஃபோட்டோகொப்பிக் கடையிலும் 3 நாள் வரிசையிலும்தான். நாலு மாதம் கழித்து அந்த அலுவலகப் பலகையில் செலோடேப்பால் ஒட்டின தமிழ் அறிவித்தல் ஒன்று வந்தது. ஆறு எழுத்துப் பிழை. படம் எடுத்து வைத்திருக்கிறேன். அக்காவோடு சேர்த்து எட்டுப் பேருக்குக் காசு கிடைத்தது, மூன்று பேருக்கு இன்னும் இல்லை.

தலைமைத்துவம் பற்றியும் கேட்டீர்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது எங்களுக்கும் அடி விழுந்தது. மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பினேன், அந்த வீடு வீடாகப் போன பிள்ளையும் அதில் ஒருத்தி. வாகனத்தை வைத்துக்கொண்டேன். காசு தருகிற டோனர் வந்தால் எதில் ஏற்றுவது என்று யோசித்தேன் பாருங்கள், அது என் பிழை.

அந்தப் பிழை கடிதமாகத் திரும்பி வந்தது. 2016இன் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் அரச அலுவலகங்களுக்கு மட்டுமல்ல, வெளிநாட்டு அரசுகளிடமோ சர்வதேச அமைப்புகளிடமோ பெருமளவு காசு வாங்கிப் பொதுச் சேவை செய்கிற எங்களையும் பிடிக்கும். எங்களிடம் படிவம் நிரப்பப் பழகின தோட்டத்துப் பெடியன் ஒருவன் எங்களுக்கே விண்ணப்பம் போட்டான்: மட்டக்குளி வேலைக்கு வந்த காசில் வாகனத்துக்கு எவ்வளவு, கள ஊழியர் சம்பளத்துக்கு எவ்வளவு? 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். "இவனுக்கெல்லாம் ஏன் மிஸ்" என்றார் கணக்காளர். பதிலை நானே டைப் செய்தேன், தமிழில். வாகனச் செலவுதான் கூட. அவன் அதை ஒழுங்கை முகப்பில் ஒட்டியிருக்கிறானாம், அதுவும் செலோடேப்பில்தான்.

சரி, மைக்கை அந்தப் பக்கம் கொடுங்கள். முதல் கேள்வி யார்?