ஆட வந்த பொண்ணு பாடின கதை

எல்லாருக்கும் வணக்கம். தலைமை தாங்குற அம்மாவுக்கும், வருஷா வருஷம் இந்த ஹாலை வாடகை இல்லாம நமக்கு வாங்கித் தர்ற பொருளாளர் அண்ணனுக்கும், காலையில அஞ்சு மணியில இருந்து அடுப்படியில நிக்கிற அக்காங்களுக்கும், எடிசன்ல இருந்து மூட்டு வலியோட வந்து முன்வரிசையில உக்காந்திருக்கிற நம்ம சங்கத்து மூத்த ஐயாவுக்கும் என்னோட நன்றி. ஐயா இருக்கிற இடத்துல, அமெரிக்கக் கறுப்பின மக்கள்கிட்ட பொறந்த ஜாஸ் இசை பத்தி நான் பேசறது கூச்சமாத்தான் இருக்கு, ஏன்னா நான் நியூஜெர்சிக்கு வந்த புதுசுல அவர் வீட்டு பேஸ்மென்ட்ல இசைத்தட்டு போட்டுக் காட்டி, பேசாம கேளுடான்னு என்னை உக்கார வச்சதே அவர்தான்.

அந்தப் பாட்டு பாடின பொண்ணுங்களைப் பத்தி மூணு விஷயம் சொல்லிட்டு, நம்ம லைப்ரரிக்காக ஒரு கையெழுத்தும் கேக்கலாம்னு வந்திருக்கேன். ஒண்ணு குரல், ரெண்டாவது மைக், மூணாவது அந்தப் பாட்டுங்கள்ல வந்த காசு யாருக்குப் போச்சுங்கிறது.

எங்க அப்பாயி எதுக்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்லும். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும். இதை மனசுல வச்சுக்கிட்டு கேளுங்க.

1934 நவம்பர் 21, புதன்கிழமை ராத்திரி. இங்கேருந்து ஆத்தைத் தாண்டினா ஹார்லம், அங்க அப்போலோ தியேட்டர். புதுசா வர்றவங்களுக்குப் போட்டி. அந்தக் கூட்டம் பொல்லாத கூட்டம், பிடிக்கலன்னா கத்தியே மேடையை விட்டு இறக்கிடும். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுன்னு ஒரு பொண்ணு, 17 வயசு, அம்மா செத்து ரெண்டு வருஷம் ஆச்சு, அடைச்சு வச்சிருந்த சீர்திருத்தப் பள்ளியில இருந்து தப்பிச்சு வந்து கிடைச்ச இடத்துல படுத்து எந்திரிச்சிட்டு இருந்துச்சு, போட்டிருந்த துணியே அதைக் காட்டிக் கொடுத்துடும். அது பாட வரலங்க, டான்ஸ் ஆட வந்துச்சு! ஆனா அன்னிக்குன்னு பாத்து எட்வர்ட்ஸ் சிஸ்டர்ஸ்னு ரெண்டு பேர் மேடையையே உடைக்கிற மாதிரி ஆடிட்டுப் போறாங்க. இவங்களுக்கு அப்புறம் நான் போய் எதை ஆடறதுன்னு இந்தப் பொண்ணுக்கு காலு நடுங்குது. மேடைக்குப் போயாச்சு, கீழ சிரிக்கிறாங்க, ஏதாவது பண்ணியே ஆகணும், சரி பாடிடுவோம்னு வாயைத் திறந்துச்சு. கூட்டம் அடங்கிப் போச்சு. இன்னொண்ணு பாடுன்னு கேட்டாங்க, பாடிச்சு, முதல் பரிசு 25 டாலர். நாலே வருஷத்துல, 1938ல, டிரம்ஸ் வாசிக்கிற சிக் வெப்போட பேண்டுல அது பாடின பாட்டு நாடு முழுக்க ஓடிச்சு. 1960ல பெர்லின் மேடையில பாதியில வரி மறந்து போய், நிறுத்தாம சொந்தமா வரி கட்டிப் பாடினாங்களே, அந்தப் பதிவுக்கு கிராமிங்கிற இசை விருது கொடுத்தாங்க. அந்தத் தெம்பெல்லாம் அப்போலோவுல வந்ததுன்னுதான் நான் நினைக்கிறேன். ஆடிக் கறக்கப் போன இடத்துல பாடிக் கறந்த பொண்ணு அது.

இதுல நான் சொல்ல வந்தது வேற. அன்னிக்கு அது யாரை மாதிரி பாடிச்சு தெரியுமா? கானி பாஸ்வெல். நியூ ஆர்லியன்ஸ்காரங்க, சக்கர நாற்காலியில உக்காந்தே பாடினவங்க. அவங்க தட்டு ஒண்ணை எல்லாவோட அம்மா வீட்டுக்கு வாங்கிட்டு வந்திருந்தாங்க, அதைக் கேட்டுக் கேட்டு அதே மாதிரி பாடிப் பாத்த பொண்ணு இது. ஒரு வீட்டுல ஒரு தட்டு. அவ்வளவுதாங்க!

மைக் விஷயத்துக்கு வர்றேன். 1925க்கு முன்னாடி தட்டுல பதியணும்னா ஒரு கூம்புக்குள்ள பாடணும், ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் 1923ல பாடினது அப்படித்தான், தொண்டையில வலு இருந்தாத்தான் தட்டுல ஏறும். மின்சார மைக் வந்த அப்புறம் ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே மாதிரி ஒருத்தங்க நம்ம காதுகிட்ட வந்து பேசற மாதிரி, தாளத்துக்கு ஒரு இமை பின்னால நின்னு பாட முடிஞ்சுது. கூம்புக்கு ஒரு பாட்டு, மைக்குக்கு ஒரு பாட்டு. மறுபடி அப்பாயி சொன்னதுதான்.

பில்லி 1958ல பாடின லேடி இன் சாட்டின் தட்டு இதோ என் கையில இருக்கு. அப்போ அவங்களுக்கு 42 வயசு, குரல் கம்மி கரகரன்னு ஆயிடுச்சு, பின்னால வயலின் எல்லாம் பட்டு மாதிரி போகும், நடுவுல இந்தக் குரல். வார்த்தைக்கு முன்னாடி மூச்சு இழுக்கிறது கூட கேக்கும். அடுத்த வருஷம் ஜூலையில போயிட்டாங்க. இதை வாங்கின கதையைச் சொல்றேன். போன அக்டோபர்ல நம்ம ஊர் லைப்ரரி பின்வாசல்ல அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியா தட்டுங்களைப் போட்டு ஒண்ணு ஒரு டாலர்னு வித்தாங்க. உறையோட பின்பக்கம் காகிதப் பை ஒட்டியிருக்கு பாருங்க, எடுத்துட்டுப் போனவங்க தேதியெல்லாம் ஊதா மசியில வரிசையா இருக்கு, அதுக்கு மேல குறுக்க ‘நீக்கப்பட்டது’ன்னு சிவப்புல ஒரு முத்திரை. எனக்கு வயிறு எரிஞ்சுது.

ஃபோன்லயே எல்லாம் இருக்கேன்னு தம்பிங்க கேப்பீங்க. இருக்கு, நானும் கேக்கறேன். ஆனா 2008 ஜூன்ல ஹாலிவுட்ல யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்துல தீப்பிடிச்சு மூல ஒலிநாடாக்கள் எரிஞ்சு போச்சே, எங்கயோ யாரோ வச்சிருக்காங்கன்னு நாம விட்டுட முடியுமா? நியூவர்க்ல ரட்கர்ஸ் யுனிவர்சிட்டியில ஜாஸ் ஆய்வு நிலையம் இருக்கு, அருமையான இடம், ஜாஸ் பாடகி சாரா வான் சின்ன வயசுல சர்ச்சுல பாடின ஊரும் அதேதான். ஆனா நம்ம எட்டு வயசுப் பிள்ளை தானா நடந்து போகாது அங்க. நடந்து போற தூரத்துல இருக்கிறது நம்ம லைப்ரரிதான். மிச்சம் இருக்கிற தட்டுங்க, ஒரு டர்ன்டேபிள், நாலு ஹெட்ஃபோன், சன்னலோரமா ஒரு மேஜை, லைப்ரரிகிட்ட நாம கேக்கறது இவ்வளவுதான். ஒரு பக்கம் முடியற வரைக்கும் இருவது நிமிஷம் உக்காந்து கேக்கணும், தள்ளிவிட முடியாது. பாடிக் கறக்கிற மாட்டைப் பாடித்தாங்க கறக்கணும்.

மூணாவது, காசு. பெஸ்ஸிக்கு பாட்டுக்கு இவ்வளவுன்னு கைல கொடுத்து முடிச்சுட்டாங்க, தட்டு விக்க விக்க வர்ற பங்கு, அதாவது ராயல்டி, கிடையாது, அதைச் சொல்ல இன்னொரு நாள் வேணும், தலைவர் அம்மா மன்னிக்கணும்.

வர்ற செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு லைப்ரரி போர்டு கூடுது. வாசல்ல காபி ஃபிளாஸ்க் பக்கத்துல கையெழுத்துத் தாள் இருக்கு, இதுவரைக்கும் 113 பேர் போட்டிருக்காங்க, 200 ஆச்சுன்னா நான் எடுத்துட்டுப் போய் மேஜையில வைப்பேன். இந்த ஊர் முகவரி எழுதுங்க, அது முக்கியம். இப்ப ஐயா இந்தத் தட்டைப் போடப் போறாரு. பிள்ளைங்க எல்லாம் முன்னாடி வந்து தரையில உக்காருங்க, பின்னால இருக்கிற அண்ணன் அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துங்க.