இரு முனைகள் சொல்லும் வயது

நம் மரபணுத்தொகையில் ஏறக்குறைய 8% பழைய ரெட்ரோவைரஸ்களின் மிச்சம். இது பலரும் கேட்ட கணக்கு. ஒரு வைரஸ் எப்போது உள்ளே வந்தது என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? அதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

ரெட்ரோவைரஸ் தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி குரோமோசோமில் செருகிவிடும். அப்படி மாற்றும்போதே அதன் இரு முனைகளிலும் ஒரே வரிசை அமைந்துவிடுகிறது. நுழையும்போது இரண்டுக்கும் வேறுபாடு அநேகமாக இருக்காது. விந்தணுவையோ கருமுட்டையையோ உண்டாக்கும் செல்லில் புகுந்திருந்தால் அது சந்ததிக்குப் போகும். அதன்பின் இரு முனைகளும் தனித்தனியே மாறத் தொடங்கும்.

முனை 1,000 டிஎன்ஏ எழுத்து (A, T, G, C) நீளம், 20 இடங்களில் வேறுபாடு என்று வையுங்கள். அதாவது 2%. ஓர் எழுத்து மாறும் வேகம் ஆண்டுக்கு 100 கோடியில் 2.2 என்று கொண்டால், 0.02ஐ அந்த வேகத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். விடை சுமார் 45 லட்சம் ஆண்டுகள். இரண்டு முனையும் மாறுகின்றன என்பதை மறந்தால் 90 லட்சம் என்று வரும். புதிதாகக் கணக்குப் போடுபவர்கள் விழும் குழி இது.

இன்னொரு குழி ஆழமானது. செல் தன் டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும்போது ஒரு முனையைப் பார்த்து மறுமுனையைத் திருத்திவிடுவதுண்டு. வேறுபாடுகள் அழிந்து, கிழட்டு வைரஸ் இளையதாகத் தெரியும். அதனால் சிம்பன்சியில் அதே இடத்தைப் பாருங்கள். நுழைந்த இடத்தில் இருபுறமும் 4 முதல் 6 எழுத்துகள் இரட்டித்திருக்கும். அந்த அடையாளமும் ஒத்துப்போனால், வைரஸ் இரு இனங்களும் பிரிவதற்கு முன்பே வந்துவிட்டது. முனைக்கணக்கு 45 லட்சம் என்றாலும் நான் சிம்பன்சியைத்தான் நம்புவேன்.

பெரும்பாலானவற்றில் முனைக்கணக்கே போட முடியாது. இரு முனைகளும் ஒன்றோடொன்று இணைந்து, நடுப்பகுதி கழன்றுபோய், ஒற்றை முனைதான் மிஞ்சியிருக்கும். ரெட்ரோவைரஸ் அல்லாத போர்னா வைரஸின் துண்டுகளுக்கோ இந்த முனைகளே கிடையாது. 2010இல் மனித மரபணுத்தொகையில் அவை கண்டறியப்பட்டபோது, வயதைச் சொன்னது குரங்கினங்களோடு செய்த ஒப்பீடுதான்: சுமார் 4 கோடி ஆண்டுகள்.

வைரஸ்களின் தோற்றத்தை இதே வழியில் தேட முடியுமா? முடியாது. கிடைப்பது குறைந்தபட்ச வயது மட்டும். பத்துக் கோடி ஆண்டுகளைத் தாண்டும்போது எழுத்துகள் பெரும்பாலும் அடையாளம் தெரியாமல் சிதைந்துவிடுகின்றன. அதற்கும் பின்னால் போக, வைரஸின் புற உறைப் புரதம் மடியும் வடிவத்தை ஒப்பிடுகிறார்கள். எழுத்து மாறினாலும் வடிவம் நெடுங்காலம் நிற்கும். பாக்டீரியாவைத் தாக்கும் வாலுள்ள வைரஸ்களிலும் மனிதரின் ஹெர்ப்பிஸ் வைரஸிலும் உறைப் புரதம் ஒரே பாணியில்தான் மடிகிறது. ஆனால் எல்லா வைரஸ்களுக்கும் பொதுவான மரபணு ஒன்றுகூட இல்லை. ஆகவே வைரஸ்கள் பல மூலங்களிலிருந்து தனித்தனியே தோன்றியிருக்கும் என்ற பக்கமே நான் சாய்கிறேன்.