இரண்டு கையெழுத்துகள்: முர்னாவின் ‘ஃபவுஸ்ட்’

எல்லோருக்கும் வணக்கம். இன்று பேசப்போவது 1926இல் ஜெர்மனியில் வெளியான ‘ஃபவுஸ்ட்’ என்ற மௌனப் படத்தைப் பற்றி. இயக்கியவர் எஃப்.டபிள்யூ. முர்னாவ். சாத்தானிடம் ஆன்மாவை விற்ற அறிஞனின் கதை என்றால், ஏதோ பேராசைக்காரன் என்றுதான் நினைப்போம். இந்தப் படத்தின் ஃபவுஸ்ட் முதலில் கையெழுத்திடுவது, கொள்ளைநோயில் செத்துக்கொண்டிருக்கும் ஊராரைக் காப்பாற்ற. இந்த ஒரு காரணத்துக்காகவே இப்படம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

தொடக்கத்தில் தேவதூதனுக்கும் சாத்தானான மெஃபிஸ்டோவுக்கும் பந்தயம். ஃபவுஸ்டைக் கெடுத்துவிட்டால் பூமி மெஃபிஸ்டோவுக்கு. அடுத்த காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கூரைகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு சிற்றூர். அதற்கு மேலே மலையளவு உயர்ந்து நிற்கிறான் மெஃபிஸ்டோ. கறுப்பு அங்கியை விரிக்கிறான். கரும்புகை தெருக்களுக்குள் இறங்குகிறது. நோய் வந்துவிட்டது! ராபர்ட் ஹெர்ல்ட், வால்டர் ரோரிக் என்ற இரு கலை இயக்குநர்கள் சிறிய அளவில் அமைத்த மாதிரி ஊர் அது. மெஃபிஸ்டோவாக நடித்த எமில் யானிங்ஸ் அதற்கு மேலே நிற்க, காற்றாடியால் கரித்தூளை ஊதி எடுத்திருக்கிறார்கள். ஏறத்தாழ நூறாண்டு, இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

கீழே, கிழவர் ஃபவுஸ்ட். மருந்து பலிக்கவில்லை, வேண்டுதலும் பலிக்கவில்லை. ஆயுள் முழுவதும் படித்த நூல்களை அள்ளித் தீயில் போடுகிறார். பிறகு இரவில் நாற்சந்திக்குப் போய்ச் சாத்தானை அழைக்கிறார். அவன் கேட்பது ஒரே ஒரு நாள். மணற்கடிகாரத்தில் மணல் தீரும்வரை சோதித்துப் பார், அதற்குமேல் கட்டாயம் இல்லை என்கிறான். எத்தனை தந்திரமான வலை!

ஃபவுஸ்ட் கையெழுத்திடுகிறார். நோயாளிகள் எழுகிறார்கள். ஆனால் சிலுவை ஏந்திய ஒருத்தியின் அருகே அவரால் போக முடியவில்லை. ஊர் புரிந்துகொள்கிறது, கல்லெறிந்து விரட்டுகிறது. உயிரை விடத் துணிந்தவரிடம் மெஃபிஸ்டோ இளமையை நீட்டுகிறான். பார்மா நகரத்துச் சீமாட்டியின் அணைப்பில் இருக்கும்போது மணல் தீர்ந்துவிடுகிறது. அப்போது ஒப்பந்தத்தை நிரந்தரமாக்குகிறார். அதுதான் இரண்டாவது கையெழுத்து. முதல் கையெழுத்து இரக்கத்தால் வந்தது, இரண்டாவது ஆசையால். இரக்கம் கதவைத் திறந்திராவிட்டால் ஆசை உள்ளே வந்திருக்காது என்று முர்னாவ் காட்டுவதாகவே நான் பார்க்கிறேன்.

கிழவரும் இளைஞனும் ஒரே நடிகர், சுவீடன்காரரான யோஸ்டா எக்மான். அப்போது அவருக்கு 35 வயதை ஒட்டி இருக்கும். அந்தத் தளர்ந்த தோள்களை வெறும் ஒப்பனையால் கொண்டுவர முடியாது. ஒளிப்பதிவு கார்ல் ஹோஃப்மன். இருட்டிலிருந்து ஒளி பிதுங்கி வருவதைப் போலப் பல காட்சிகள்.

நடுவில் வரும் தோட்டத்துச் சிரிப்புக் காட்சிகள் நீளம்தான். பிரெஞ்சு ஓவியர் துலூஸ்-லோத்ரெக்கின் ஓவியங்களில் இடம்பெற்ற பாரிஸ் பாடகி ஈவெட் கில்பேர் அதில் நடித்திருக்கிறார் என்பதற்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

அதன்பின் ஃபவுஸ்ட் காதலிக்கும் கிரெட்சன். கமீலா ஹோர்ன் என்ற புதுமுகம். கைவிடப்பட்டு, பச்சைக் குழந்தையுடன் பனிப்புயலில் வீடு வீடாகக் கதவைத் தட்டுகிறாள். யாரும் திறக்கவில்லை. பனியில் ஒரு தொட்டில் இருப்பதாக அவளுக்குத் தோன்றுகிறது. குழந்தையை அதில் கிடத்துகிறாள். தொட்டில் எங்கே இருந்தது? வெறும் பனி. குழந்தையைக் கொன்றவள் என்று அவளையே எரிக்கத் தீர்ப்பு. அவள் அலறும் முகம் மலைகளைத் தாண்டிப் பறந்து ஃபவுஸ்டை எட்டுகிறது. ஒலியே இல்லாத படத்தில் ஓர் அலறலை இத்தனை தூரம் ஓடவைத்த வேறொருவரை எனக்குத் தெரியாது. நோயைப் பரப்பிய சாத்தானைவிட, கதவைச் சாத்திய ஊரார் மீதுதான் எனக்குக் கோபம் வந்தது.

தன் இளமையைச் சபித்து, மீண்டும் கிழவராகி, அவளோடு சிதையில் ஏறுகிறார் ஃபவுஸ்ட். பந்தயம் முடிவதைப் படத்திலேயே பாருங்கள்.

பார்ப்பதற்கு முன் ஒன்று. அந்தக் காலத்தில் வெளிநாடுகளுக்கென்று தனித்தனி நெகட்டிவ்கள் (பிரதி எடுக்கும் மூலச் சுருள்கள்) தயாரித்தார்கள். அதனால் இப்படத்துக்கும் வெவ்வேறு பதிப்புகள் உண்டு. ஜெர்மன் நெகட்டிவிலிருந்து சீரமைத்த பிரதியைத் தேடிப் பாருங்கள். மங்கிய பிரதியில் பாதிப் படம் இருட்டாகவே போய்விடும். ஜெர்மனியில் முர்னாவ் எடுத்த கடைசிப் படம் இது. ஹாலிவுட் போய் அவர் எடுத்த ‘சன்ரைஸ்’ பற்றி அடுத்த காணொளியில் பேசுகிறேன்; முடிந்தால் அதற்குள் இதைப் பார்த்துவிடுங்கள்.