பேட்டரிக்குள்ள மெழுகு: அரசு பணம் எதுக்குக் கிடைக்கும்? | சந்தேகங்களுக்கு விளக்கம்

போன தடவை நீட்ஸ், அதாவது புதுசா தொழில் தொடங்குறவுகளுக்கு நம்ம மாநில அரசு மானியத்தோட வாங்கித் தர்ற கடனைப் பத்திப் பேசினோம்ல, அதைப் பார்த்துட்டு கோட்டையூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. வாசிக்கிறேன்: "அண்ணே, ஆட்டோவுக்கு லித்தியம் பேட்டரி பேக் கட்டிக் கொடுக்கிறேன். செல்லுக்கு நடுவுல மெழுகு ஊத்தி, சூட்டை அது இழுத்துக்கிற மாதிரி ஒரு பேக் செஞ்சேன். இந்த மாதிரி வேலைக்கெல்லாம் அரசாங்கம் மானியம் தருதாமே, எனக்கு எவ்வளவு கிடைக்கும்?"

இந்த மெழுகு என்னை விடவே மாட்டேங்குது. ஆனா முதல்ல தொகையைச் சொல்லிடுறேன், இல்லேன்னா சுத்தி வளைக்கிறான்னு திட்டுவீக. மத்திய அரசோட ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதி, 2021-ல நாலு வருஷத்துக்குன்னு வந்தது, இப்ப விண்ணப்பம் வாங்குறாகளான்னு கேட்டுக்கோங்க. மாதிரி செஞ்சு பார்க்க 20 லட்சம் வரைக்கும் மானியமா தருவாக, அதுவும் இன்குபேட்டர் வழியா, அதாவது புதுக் கம்பெனிகளை வளர்த்துவிடுற மையம் வழியா, தவணை தவணையா. நம்ம மாநிலத்துல டான்சீடுன்னு இதே மாதிரி ஒரு விதை நிதி இருக்கு. பசுமைத் தொழில்நுட்பம்னா 15 லட்சம் வரைக்கும், ஆனா கம்பெனியில 3 சதவீதம் பங்கு எடுத்துக்குவாக. இதை எங்க பெரியாச்சிகிட்ட சொன்னேன். "சும்மா தர்றாகளா, பங்கு கேக்குறாகளா?"ன்னாக. பங்குன்னேன். "அப்பச் சரி, கணக்குப் பார்ப்பாக"ன்னாக. ஆச்சி படிச்சது ஐந்தாம் வகுப்பு.

பழைய ஆளுகளுக்குத் தெரியும், நான் எப்பவும் சொல்றதுதான்: மெஷின் வாங்கப் பணம் வேற, சோதனை பண்ணப் பணம் வேற. நீட்ஸ்ல 25 சதவீதம் மானியம் வருதுல்ல, 75 லட்சம் வரைக்கும், அது பேங்க் கடனோட ஒட்டிக்கிட்டு வர்றது, தொழில் போடுறதுக்கு. தம்பி கேட்குறது அது இல்ல. "இது வேலை செய்யுமா"ன்னு யாருக்கும் தெரியாத ஒண்ணைச் சோதிச்சுப் பார்க்குற பணம். அமெரிக்காவுல 1982-லேயே இதுக்குச் சட்டம் போட்டாக, எஸ்.பி.ஐ.ஆர்.னு பேரு. அங்க எரிசக்தித் துறையும் சின்னக் கம்பெனிகளுக்கு இந்த வழியில கொடுத்து வந்திருக்கு. முதல் கட்டம், நடக்குமான்னு பார்க்க. ரெண்டாவது, செஞ்சு காட்ட. மூணாவது கட்டம்னா கடைக்குக் கொண்டுபோறது, அதுக்கு அந்தத் திட்டத்துல காசே கிடையாது. நீயே பார்த்துக்கோ!

இப்ப மெழுகுக்கு வர்றேன். தம்பி, நீங்க ஊத்தின மெழுகு எத்தனை டிகிரியில உருகும்? அதை எழுதவே இல்லையே. அது உருகும்போதுதான் சூட்டை இழுக்கும். அக்னி நட்சத்திரத்துல நம்ம காரைக்குடி செக்காலை ரோட்டுல ஆட்டோவை நிறுத்திட்டு ஒரு மணி நேரம் கழிச்சு வந்து பாருங்க, சீட்டுல கை வைக்க முடியாது. 40 டிகிரியில உருகுற மெழுகுன்னா வண்டி கிளம்புறதுக்கு முன்னாடியே உருகித் தீர்ந்திருக்கும். அப்புறம் எங்க இருந்து இழுக்கும்? கூடுதல் சூட்டுல உருகுற மெழுகு போடலாம், சூட்டைக் கடத்த கிராஃபைட் கலக்கலாம். ஆனா மெழுகு எரியுமே! ஒரு செல் கெட்டுச் சூடேறினா பக்கத்துச் செல்லுக்குப் பரவுதான்னு ஏ.ஐ.எஸ்.-156-ங்கிற வண்டி பேட்டரி பாதுகாப்புச் சோதனையில பார்ப்பாக. அதுல உங்க பேக் என்ன ஆகும்? இதுதான் விண்ணப்பத்துல எழுத வேண்டிய முதல் வரி. "எவ்வளவு கிடைக்கும்"னு கேட்டீக. "எதைச் சோதிக்கக் காசு கேட்கணும்"னு கேட்டிருந்தீகன்னா நான் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

அந்தச் சோதனைக்கு ஊரு ஊராப் போக வேணாம். சிக்ரி, அதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இங்கதானே இருக்கு! அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார், 1948-ல நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல திறந்தாச்சு. மின்வேதியியல்தான் அவுக வேலையே, பேட்டரியிலதான் மூழ்கிக் கிடக்காக. நம்ம பசங்க அந்த மதில் சுவரை ஒட்டிப் பைக்குல போறதோட சரி. தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனத்துல, புது யோசனையைச் சோதிச்சுப் பார்க்குற செலவுக்குப் புத்தாக்க வவுச்சர்னு ஒண்ணு இருக்கு, முதல் வவுச்சர் 2 லட்சம் வரைக்கும், அடுத்தது 5 லட்சம் வரைக்கும். தொகை சின்னதுதான். ஆனா தம்பிக்கு ஆரம்பிக்க அதுதான் பொருத்தம்னு எனக்குப் படுது.

ஏன்னா விதை நிதியில ஒரு சிக்கல் இருக்கு. பட்டறை உங்க ஒருத்தர் பேர்ல புரொப்ரைட்டர்ஷிப்பா இருந்தா ஸ்டார்ட்அப் அங்கீகாரம் கிடைக்காது. பிரைவேட் லிமிடெட், எல்.எல்.பி. (பொறுப்புக்கு வரம்பு வச்ச கூட்டாண்மை), இல்ல பதிவு பண்ணின கூட்டு நிறுவனம் மாதிரி இருக்கணும். சரின்னு பழைய பட்டறையையே உடைச்சுப் புதுப் பேர் வச்சாலும் செல்லாது, விதியிலேயே எழுதியிருக்கு. புதுக் கம்பெனின்னா புது வேலையா இருக்கணும். விதை நிதிக்கு, கம்பெனி தொடங்கி 2 வருஷத்துக்குள்ள விண்ணப்பிக்கணும். ஆடிட்டர்கிட்ட இதை முதல்ல பேசிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க.

இன்னொண்ணு, "நாங்க வாங்கித் தர்றோம், பத்து பர்சன்ட் கொடுங்க"ன்னு போன் வரும். உத்யம்ங்கிற சிறுதொழில் பதிவு இலவசம், ஸ்டார்ட்அப் அங்கீகாரமும் இலவசம். போனை வச்சிருங்க. பணமும் தவணையாத்தான் வரும், ஒரு வேலையை முடிச்சுக் காட்டினாத்தான் அடுத்தது. அதனால ஆட்டோ பேக் கட்டுற வேலையை நிறுத்திடாதீக, வாடகை அதுலதான் கட்டணும்.

இப்பப் பங்குனி முடியப்போகுது. ஒரு பேக்குக்குள்ள நாலு இடத்துல டெம்பரேச்சர் சென்சார் வச்சு, மெழுகு உள்ளதையும் இல்லாததையும் ஒரே ஆட்டோக்காரர்கிட்ட மாத்தி மாத்திக் கொடுத்து, சித்திரை பூராவும் நோட்டுல எழுதிட்டு வாங்க. அந்த நோட்டை எனக்கும் அனுப்புங்க, எனக்கே தெரிஞ்சாகணும். அடுத்து தேவகோட்டையில இருந்து ஒரு அம்மா, மாடி சோலார் மீட்டர் பத்திக் கேட்டிருக்காங்க...