அணிலை ஏந்திப் போருக்குப் போனவன்

ஆந்திர எல்லைப் பக்கத்துப் பரதராமியில் பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: ‘போக்கிமான் போட்டிக்குக் கூட்டிப்போக வேண்டியது பலசாலியையா, நோஞ்சானையா?’ நோஞ்சான் அணியில் நான் பேசியது இது.

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். எதிரணிக்கு வணக்கம். மணியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கும் அண்ணனுக்குத் தனியாக ஒரு வணக்கம். மற்ற எல்லாருக்கும் சேர்த்து ஒரே வணக்கம். பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்கள், எனக்கு அணில் காத்திருக்கிறது.

எதிரணியில் எனக்கு முன்னால் பேசிய வாத்தியார் அண்ணன் ஒரு வரி சொன்னார். “அணிலை ஏந்திப் போருக்குப் போகிறவன், நாளைக்கு ஓணானைப் பூட்டி ஏர் ஓட்டுவான்!” நீங்கள் எல்லாரும் தட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்ல வரி. ஆனால் தட்டி முடித்த கையோடு ஒன்று தோன்றியது. அண்ணன் எந்த அணிலைச் சொன்னார்? அந்த அணில் யாரு, எங்கே போச்சு, என்ன செஞ்சது, ஒன்றுமே சொல்லாமல் உட்கார்ந்துவிட்டாரே! சொன்னால் அவர் அணி தோற்றுவிடும், அதனால் சொல்லவில்லை. சரி, நான் சொல்கிறேன்.

பெரியவர்களுக்காக முதலில் ரெண்டு வார்த்தை. போக்கிமான் 1996-ல் ஜப்பானில் வந்த வீடியோ கேம். அதில் இன்றைக்கு ஆயிரத்துக்கும் மேல் கற்பனை உயிரினங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் உயிர், அடிக்கும் பலம் ரெண்டு விதம், தாங்கும் பலம் ரெண்டு விதம், வேகம் என்று ஆறு கணக்கு. ஆறையும் கூட்டினால் வருகிற எண்தான் அதற்கு ஜாதகம் மாதிரி. உலகப் போட்டியில் நடப்பது இரட்டை ஆட்டம். ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போவீர்கள், எதிராளியின் ஆறைப் பார்த்துவிட்டு நாலு பேரைத் தேர்ந்தெடுப்பீர்கள், களத்தில் ஒரு நேரத்தில் ரெண்டு பேர் நிற்பார்கள். பக்கத்தில் ஒருத்தர் நிற்கிறார் என்பதை மட்டும் மனசில் வையுங்கள். கடைசியில் கேட்பேன்.

வருஷம் 2014. இடம் அமெரிக்கா, வாஷிங்டன். உலக சாம்பியன் பட்டத்துக்கு ஆட்டம். வந்தவர்கள் யார் யார் தெரியுமா? கார்சோம்ப்! ஆறடிக்கு மேல் உயரம், 95 கிலோ, சுறாவும் டிராகனும் சேர்ந்த உருவம், ஜாதகத்தில் 600. அப்புறம் கங்காஸ்கான்! வாத்தியார் அண்ணன் ‘இதுதான் பலம்’ என்று மூச்சு வாங்க வர்ணித்தாரே, வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கும் தாய்க் கங்காரு, அதேதான். மெகா உருவம் எடுத்தால் குட்டி வெளியே குதித்துவிடும். அம்மா ஒரு அடி கொடுப்பாள், பின்னாலேயே குட்டி, அப்போதைய விதிப்படி, பாதி பலத்தில் இன்னொரு அடி கொடுக்கும். அந்த மெகா உருவத்தின் ஜாதகத்தில் 590. அந்த வருஷம் அதைக் கண்டு பயப்படாத ஆட்டக்காரர் கிடையாது.

அந்தக் கூட்டத்துக்குள் தென் கொரியாவிலிருந்து ஒரு பையன் வருகிறார். சேஜுன் பார்க் என்று பெயர். பையைத் திறக்கிறார். உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கிறது ஒரு அணில்.

பச்சிரிசு என்று அதற்குப் பெயர். உயரம் 40 செ.மீ. எடை 3.9 கிலோ. ரேஷன் கடையில் நாலு கிலோ அரிசி வாங்கி வருகிறீர்களே, அந்தப் பை இதைவிட நூறு கிராம் கனம்! ஜாதகத்தில் 405. அடிக்கும் பலம் 45. கார்சோம்புக்கு அதே இடத்தில் 130. வெள்ளை உடம்பு, நெற்றியில் ஆரம்பித்து வால் வரைக்கும் ஒரு நீலக் கோடு. நம்ம ஊர் அணிலுக்கு மூணு கோடு, ராமர் தடவிக் கொடுத்தது. இதற்கு ஒரே கோடு. யார் தடவினார்களோ தெரியாது, நல்ல மனுஷர்தான் தடவியிருப்பார்.

இந்த அணில் அடிப்பதற்குப் போகவில்லை. வாத்தியார் அண்ணன் தப்பு பண்ணிய இடம் அதுதான். அதன் கையில் ‘ஃபாலோ மீ’ என்று ஒரு வித்தை. அதைச் செய்தால், எதிரி ரெண்டு பேரும் ஒருத்தரைக் குறிவைத்து விடுகிற அடியெல்லாம் திரும்பி இது மேல்தான் விழும். பக்கத்தில் நிற்பவர் தப்பித்துவிடுவார். அந்தப் பக்கத்தில் யார் நின்றார்? கியாரடோஸ். பெரிய கடல் பாம்பு மாதிரி இருக்கும். ஆனால் மின்சாரம் என்றால் அதற்கு உயிர் போகிற பயம், சாதாரண உருவத்தில் மின்சார அடி நாலு மடங்காக விழும். சரி, எதிரி மின்சாரத்தை விடுகிறான் என்று வையுங்கள். அணில் முன்னால் வந்து வாங்கிக்கொள்கிறது. வாங்கியதும் அதற்கு வலிப்பதில்லை, உயிர் ஏறுகிறது! ‘வோல்ட் அப்சார்ப்’ என்று ஒரு குணம் அதற்கு. நண்பனைக் கொல்ல வந்த விஷம் இதற்குக் கஞ்சி! அப்புறம் ‘சூப்பர் ஃபேங்’ என்று ஒரு கடி. பேய் வகையைத் தவிர, எதிரி யாராக இருந்தாலும் மிச்சமிருக்கும் உயிரில் சரிபாதி போய்விடும். 600 ஜாதகம் என்றாலும் பாதி பாதிதான்.

இப்போது இறுதி ஆட்டத்துக்கு வாருங்கள். எதிரியின் டிராகன் ‘டிராகோ மீட்டியர்’ விடுகிறது. வானத்திலிருந்து எரிகல் மழை. விளையாட்டிலேயே பெரிய அடிகளில் ஒன்று, பலம் 130. எரிகல் எல்லாம் வந்து விழுகிறது அணில் மேல். அரங்கத்தில் அத்தனை பேரும், முடிந்தது கதை என்றுதான் நினைத்தார்கள். உயிர்க்கோடு இறங்குகிறது. இறங்குகிறது. இன்னும் இறங்குகிறது. நின்றுவிட்டது! அணில் நிற்கிறது! கூட்டம் எழுந்து கத்துகிறது!

பின்வரிசைத் தம்பி சைகையால் இன்னொரு தடவை கேட்கிறான். மணி அண்ணா, ஒரு நிமிஷம் பொறுங்க, பையன் கேட்கிறான். வானத்திலிருந்து எரிகல் விழுகிறது தம்பி. கீழே நாலு கிலோ அணில். உயிர்க்கோடு இறங்குகிறது... இறங்குகிறது... எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கள், என்ன ஆச்சு? நின்றது! இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டது. அந்த வருஷம் உலக சாம்பியன் சேஜுன் பார்க். வாத்தியார் அண்ணா, அணிலை ஏந்திப் போருக்குப் போனவன் ஓணானைப் பூட்டி ஏர் ஓட்டவில்லை. கோப்பையோடு கொரியாவுக்கு விமானம் ஏறினான்.

‘ஒரு தடவை அதிர்ஷ்டம், குருட்டுக் கல்’ என்று எதிரணித் தங்கை குறித்து வைத்திருப்பாள், எழுதுவதைப் பார்த்தேன். அதிர்ஷ்டம் இல்லை தங்கச்சி. ஒவ்வொரு உயிரினத்துக்கும் பயிற்சியில் கொடுக்க அப்போது மொத்தம் 510 புள்ளிகள். அவர் அவற்றை அடிக்கும் பக்கம் போடாமல் உயிருக்கும் தாங்கும் பலத்துக்கும் போட்டார். அடி வாங்கப் போகிறவனுக்கு அரிவாள் எதற்கு, கேடயம் கொடு என்று யோசித்த மூளை அது. கையில் ஒரு பழமும் கொடுத்து அனுப்பினார், உயிர் பாதிக்கு இறங்கினால் அதைத் தின்னும், கால்வாசி உயிர் திரும்ப வரும். இதைப் பார்த்துவிட்டு, அணில்தான் ராசி என்று அதைத் தூக்கிக்கொண்டு ஓடிய பலர் அடிபட்டுத் திரும்பினார்கள். அணிலைப் பார்த்தார்கள், கணக்கைப் பார்க்கவில்லை.

எலிக் கதையும் இருக்கிறது. ரட்டாட்டா என்ற எலி, முதல் நிலையிலேயே நிற்கிற குஞ்சு எலி, கட்டிய ஒரு பட்டையால் ஒரே ஒரு புள்ளி உயிரோடு பிழைத்து, எதிரியின் உயிரையும் தன் ஒரு புள்ளிக்கு இறக்கி, அடுத்த நொடி முந்திக்கொண்டு தட்டிவிடும். பேய் வகை எதிரில் வந்தால் மட்டும் எலிக்கு வேலையில்லை. நேரமில்லை, எலியை விடுகிறேன்.

ஆனால் அண்ணன் ஏரில் பூட்டிய அந்த ஓணானை விடமாட்டேன். ‘சின்னது எதற்கு ஆகும்’ என்று கேட்கும் ஊரா இது? மலை ஏறினால் ஆந்திராவின் பலமநேர். அங்கே அரசு ஆராய்ச்சி நிலையத்தில் என்ன வளர்க்கிறார்கள்? புங்கனூர் மாடு. நம்ம சித்தூர்ச் சீமை மாடு. உயரம் சுமார் மூணு அடி. குழந்தை பக்கத்தில் நின்றால் குழந்தைதான் உயரம். பெரிய வெளிநாட்டுப் பசுக்கள் வந்ததும், இந்தக் குள்ள மாட்டைக் கட்டி யார் தீனி போடுவது என்று ஜனங்கள் கைவிட்டார்கள். இனமே அழியப் பார்த்தது. அப்புறம்தான் தெரிந்தது, காய்ந்த புல்லைத் தின்று, வறட்சியைத் தாங்கி, கெட்டியான கொழுப்புப் பால் கொடுக்கும் மாடு இது என்று. இன்றைக்கு அதற்குத் தேடிப்பிடித்து விலை கொடுக்கிறார்கள். மழை பெய்யும் காலத்து ஜாதகத்தை வைத்து, மழை பொய்க்கும் காலத்து மாட்டை எடை போட்டால் எப்படி அண்ணா? களம் எது, பக்கத்தில் யார், வருகிற அடி எது, அதைப் பார்க்க வேண்டாமா?

முதல் மணி அடித்துவிட்டார். சரி.

வாத்தியார் அண்ணன் பலத்துக்கு உதாரணமாக ஒரு தாயைச் சொன்னார், கங்காருத் தாயை. தாயைச் சொன்னது சரி. ஆளைத்தான் மாற்றிவிட்டார்.

எங்கள் வீட்டில் குழித்தறி. அப்பா குடியாத்தம் லுங்கி நெய்தவர். அம்மா மடியில் முறம் வைத்து பீடி சுற்றுவாள். எனக்குப் பத்து வயதிருக்கும்போது தங்கைக்கு உடம்பு முடியாமல் போய், தண்டலுக்குப் பணம் வாங்கினார்கள். தவணை ரெண்டு மூணு நின்றுபோனது. தண்டல்காரர் காலையில் வந்து வாசலில் நிற்பார். அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அவர் பேசுகிற பேச்சு தெருவுக்கே கேட்கும். அப்பா வாய் பேசாத மனுஷர். அவமானம் தாங்கமாட்டார், அன்றைக்கு முழுக்கத் தறியில் உட்காரமாட்டார். தறி நின்றால் அந்த வாரக் கூலி போச்சு, கூலி போனால் தவணை போச்சு.

அம்மா முறத்தை இறக்கி வைப்பாள். புடவையில் ஒட்டிய புகையிலைத் தூளை உதறுவாள். அப்பாவைப் பார்த்து, “நீ நிறுத்தாத. ஓட்டு” என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போவாள். “அவரை எதுக்குய்யா கேக்கற? என்னைக் கேளு. கையெழுத்து போட்டவ நான்.”

கையெழுத்து போட்டவர் அப்பா. எனக்குத் தெரியும், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அந்த ஆள் பேசுவார். அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். உள்ளே தறிச் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியே அந்தப் பேச்சு, உள்ளே நாடா போய்த் திரும்பும் சத்தம். ரெண்டுக்கும் நடுவில் நாற்பது கிலோகூட இல்லாத ஒரு பொம்பளை. வாரக் கடைசியில் அப்பா பாவு முடித்து ஒப்படைப்பார். கூலி வரும். தவணை கட்டுவோம். அப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போய்க் கடன் தீர்ந்தது. தங்கை இன்றைக்கு வேலூரில் வேலை பார்க்கிறாள்.

பிற்பாடு ஒரு நாள் ராத்திரி அந்த வாஷிங்டன் ஆட்டத்தை போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அம்மா பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்து, “அது இன்னாடா, அணிலா?” என்றாள். விவரம் சொன்னேன். பக்கத்தில் இருப்பவனுக்கு வருகிற அடியை இது கூப்பிட்டு வாங்கிக்கும்மா என்றேன்.

“பாவம். அதுக்கு வலிக்காதா?” என்று கேட்டாள்.

எனக்குப் பதில் வரவில்லை. அவள் அடுத்த இலையை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்துவிட்டாள்.

பக்கத்தில் ஒருத்தர் நிற்கிறார், மனசில் வையுங்கள், கடைசியில் கேட்பேன் என்று சொன்னேனே. கேட்கிறேன். உங்கள் வீட்டில் அடி வாங்கி நின்றது யாரு? தறியை நிற்கவிடாமல் பார்த்துக்கொண்டது யாரு? அந்த ஆளின் ஜாதகத்தைக் கூட்டிப் பாருங்கள், 405-கூட வராது.

ரெண்டாவது மணியும் அடித்துவிட்டார். நடுவர் ஐயா, எங்கள் அம்மா வந்திருக்கிறாள். அதோ, வேப்பமரத்தடியில், பச்சைப் புடவை, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு. தீர்ப்பு சொல்லும்போது எங்களைப் பார்க்க வேண்டாம், அந்தப் பக்கம் பார்த்துச் சொல்லுங்கள்.