குரலை மாற்றாதீர்கள், அடியில் தமிழை எழுதுங்கள்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணாச்சிமாரே, அக்கா அவர்களே! செங்கோட்டையிலும் தென்காசியிலும் இருந்தும், கணவாய் தாண்டி ஆரியங்காவு, தென்மலையில் இருந்தும் வந்திருக்கும் சினிமா ரசிகப் பெருமக்களே! எல்லோருக்கும் வணக்கம்.

பிறமொழிப் படத்தைத் தமிழருக்கு நிறைவாகக் கொண்டுவந்து சேர்ப்பது டப்பிங்கா, சப்டைட்டிலா என்பது இன்றைய கேள்வி. நான் சப்டைட்டில் கட்சி. எதிரணித் தலைவர் அண்ணாச்சி மூன்று வாதங்களை வைத்தார். எழுத்தைப் படிக்கிற கண் படத்தைப் பார்க்காது என்றார். 'மாயாபஜார்' காலத்திலிருந்தே நாம் டப்பிங்கில்தான் அக்கம்பக்கத்துப் படங்களை ரசித்தோம் என்றார். தமிழில் வருகிற சப்டைட்டில் பிழை மலிந்து கிடக்கிறது என்றார். மூன்றாவது வாதத்தில் உண்மை இருக்கிறது. அதனால் என் நேரத்தில் பெரும்பகுதி அதற்குத்தான்.

முதலில் மாயாபஜாரை முடித்துவிடுகிறேன். 1957இல் தெலுங்கிலும் தமிழிலும் வந்த படம் அது. தெலுங்கில் அபிமன்யு யார்? நாகேஸ்வர ராவ். தமிழில்? ஜெமினி கணேசன். டப்பிங் படமென்றால் ஆள் எப்படி ஐயா மாறும்? தமிழுக்கென்று தனியாகக் காட்சிகளை எடுத்தார்கள். அண்ணாச்சிக்கு உதவியாக நானே ஒரு சரியான சான்று தருகிறேன்: ஏவி.எம். கன்னடத்தில் எடுத்த 'ஹரிச்சந்திரா' 1944இல் தமிழ்க் குரலோடு வந்தது. அது டப்பிங்தான். ஆனால் மாயாபஜாரை அந்தக் கணக்கில் எழுத முடியாது.

இப்போது நம் ஊருக்கு நெருக்கமான ஒரு படத்துக்கு வருகிறேன். லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கி மம்முட்டி நடித்த 'நண்பகல் நேரத்து மயக்கம்'. 2022 டிசம்பரில் திருவனந்தபுரம் திரைப்பட விழாவில் காட்டினார்கள். வேளாங்கண்ணி போய்விட்டு ஊர் திரும்பும் மலையாளிகள் பேருந்தில் வருகிறார்கள். ஜேம்ஸ் என்பவர் நடுவழியில் ஒரு தமிழ்க் கிராமத்தில் இறங்கி, முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்குள் நுழைந்து, அந்த வீட்டில் காணாமல்போன சுந்தரமாகவே நடமாடத் தொடங்குகிறார். பேச்சும் தமிழாகிவிடுகிறது. இறங்கும்வரை மலையாளம், இறங்கியபின் தமிழ். கதையே அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. இதை முழுக்கத் தமிழில் டப் செய்தால் என்ன ஆகும்? பேருந்திலும் தமிழ், கிராமத்திலும் தமிழ். மனைவியும் மகனும் ஏன் திகைத்து நிற்கிறார்கள் என்பதே பார்ப்பவருக்குப் புரியாது. சப்டைட்டிலில் அந்தச் சிக்கல் இல்லை. மலையாளம் ஒலிக்கும்போது அடியில் எழுத்து இருக்கும், தமிழ் ஒலிக்கும்போது இருக்காது. எழுத்து மறையும் அந்த இடமே ஆள் மாறிவிட்டதைச் சொல்லிவிடும். 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' தமிழ்நாடு முழுக்க மலையாளப் பேச்சோடுதான் ஓடியது. கொச்சிக்காரப் பையன்கள் கொடைக்கானலில் வந்து மொழி சரியாக வராமல் உதவி கேட்டுத் தவிப்பதைத் தமிழில் டப் செய்தால் தவிப்பு எங்கே மிஞ்சும்?

வட்டாரப் பேச்சையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 'ராஜமாணிக்யம்' படத்தில் மம்முட்டி பேசுவது திருவனந்தபுரத்துப் பேச்சு. களியக்காவிளை, பாறசாலைப் பக்கம் பழகியவர்களுக்கு அந்த இழுப்பைக் கேட்டதும் ஆள் எந்த ஊர் என்று தெரிந்துவிடும். டப்பிங்கில் அது எந்த ஊர்த் தமிழாகும்? எந்த ஊர்த் தமிழைக் கொடுத்தாலும் அந்த மனிதருக்குப் புது ஊரை ஒட்டவைத்ததாகிவிடும்.

டப்பிங் அறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மூன்று இடத்தில் படம் உடைகிறது. முதலாவது உதடு. ப, ம இரண்டும் உதடு மூடாமல் வராத எழுத்துகள். நடிகர் வாயை மூடுகிற இடத்தில் தமிழிலும் பகரமோ மகரமோ வந்தாக வேண்டும். அதற்காக வசனகர்த்தா பொருளை வளைக்கிறார். நடிகர் பேச்சின் கடைசியில் உதட்டை மூடினால், "போகாதே" என்று இருக்க வேண்டிய இடத்தில் "வேண்டாம்பா" என்று வருவதற்குக் காரணம் இதுதான். அருகிலிருந்து எடுத்த முகக்காட்சியில் இந்த நெருக்கடி அதிகம்.

இரண்டாவது தூரம். படத்தில் ஒருவர் ஐம்பதடி தள்ளி வயலில் நின்று கூப்பிடுகிறார். டப்பிங் கலைஞரோ மைக்குக்கு ஓரடி, ஒன்றரை அடியில், சுவரெல்லாம் பஞ்சடைத்த அறையில் நின்று கூப்பிடுகிறார். அந்தக் குரலில் வெளியின் காற்று இருக்காது. ஒலிகளைக் கலந்து சேர்க்கும் பொறியாளர் எதிரொலி சேர்த்து, கீச்சு அதிர்வுகளைக் குறைத்து, குரலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். காட்சிக்குக் காட்சி இதைச் செய்ய நாள் பிடிக்கும். அவசரத்தில் அதை விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் மலை உச்சியில் நிற்பவர் அலமாரிக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கேட்கிறது.

மூன்றாவது பின்னணி ஒலி. டப் செய்ய வேண்டுமென்றால் பேச்சு நீங்கலாக இசையும் ஓசையும் மட்டும் உள்ள தனி ஒலித்தடம் கைக்கு வர வேண்டும். பழைய படங்கள் பலவற்றில் எல்லாம் ஒரே தடத்தில் கலந்து கிடக்கும். பேச்சை எடுத்தால் கூடவே காலடியும் மழையும் கோப்பை வைக்கிற சத்தமும் போய்விடும். பிறகு அவற்றையெல்லாம் புதிதாக உண்டாக்க வேண்டும். செய்யாவிட்டால் பேச்சு வருகிற இடமெல்லாம் உலகமே ஊமையாகிவிடும்.

எதிரணி அக்கா ஒரு நல்ல கேள்வி கேட்டார்: "இத்தாலிக்காரர்களே தங்கள் படத்துக்குப் பிறகுதானே குரல் சேர்த்தார்கள்? பெல்லினியின் 'லா ஸ்ட்ராடா'வில் அந்தோணி குயின் பேசுவது அவர் குரலே இல்லையே?" உண்மைதான். 1954இல் வந்த அந்தப் படத்தில் அமெரிக்க நடிகர்களுக்கு இத்தாலியக் குரல் கொடுத்தார்கள். ஆனால் அந்தக் குரல் அந்தப் படத்துக்கென்றே, அதை உருவாக்கியவர்கள் சேர்த்த குரல். நம் படங்களிலும் நெடுங்காலமாக அப்படித்தான், படப்பிடிப்பு முடிந்து அதே இயக்குநர் பக்கத்தில் இருந்து குரல் பதிவு செய்கிறார். இருபது வருடம் கழித்து, வேறு ஊரில், அவருக்குத் தெரியாமலே ஏற்றுகிற குரலை அதோடு எப்படி ஒன்றாக்குவது?

சரி, கண் விஷயம். படிக்கிற கண் படத்தைப் பார்க்காது என்பது மோசமாகச் செய்த சப்டைட்டிலுக்குப் பொருந்தும். நன்றாகச் செய்ததைக் கண் ஓரப்பார்வையில் அள்ளிக்கொள்ளும். அந்த நன்மைக்கு அளவுகள் இருக்கின்றன. ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் கூடாது. ஒரு தலைப்பு, அதாவது ஒரு தடவையில் அடியில் வரும் எழுத்து, வினாடியில் ஆறில் ஐந்து பங்காவது திரையில் நிற்க வேண்டும்; வினாடிக்கு ஓடும் 24 பிரேமில், அதாவது 24 படங்களில், 20 பிரேமாவது. அதிகபட்சம் 7 வினாடி. அடுத்தடுத்து வரும் இரண்டுக்கும் நடுவே 2 பிரேம் இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் வரி மாறியதே கண்ணுக்குத் தெரியாது. காட்சி வெட்டுக்கு அப்பால் இரண்டு மூன்று பிரேம் தொங்கினால் எழுத்து மினுக்கும். வெட்டோடு முடித்துவிட வேண்டும்.

தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு, இதைக் கவனிக்காமல்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். சப்டைட்டில் மென்பொருள் தமிழ் எழுத்தை நாம் எண்ணுவது போல எண்ணாது. "சொல்கிறேன்" நமக்கு ஐந்து எழுத்து. கணினிக்குப் பத்து, ஏனென்றால் மெய்யோடு ஒட்டும் உயிர்க்குறியையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. ஆங்கிலத்துக்கு வைத்த வரிக்கு 42 எழுத்து என்ற வரம்பை அப்படியே வைத்துக்கொண்டு, "வரி நீளம்" என்று சிவப்புக் காட்டுவதைப் பார்த்துப் பயந்து, வசனத்தைக் கொத்திக் குதறிவிடுகிறார்கள். எழுத்துக் கணக்கில் இருபது, இருபத்திரண்டு என்று வைத்து, திரையில் வாய்விட்டுப் படித்துப் பார்த்து முடிவுசெய்வதே சரி.

வரியை எங்கே உடைப்பது என்பதும் முக்கியம். "நேற்று வந்த / பையன் எங்கே" என்று உடைக்கக் கூடாது. பெயரெச்சத்தைப் பெயரிலிருந்து பிரித்தால் படிப்பவர் ஒரு நொடி தடுமாறுவார். "அவர் வந்தால் / நான் கிளம்பிவிடுவேன்" என்று எண்ணம் முடிகிற இடத்தில் உடைக்கலாம். ஒரே தலைப்பில் இருவர் பேசினால் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு சிறுகோடு போட வேண்டும். வெள்ளை எழுத்துக்குக் கறுப்பு விளிம்பு கட்டாயம், இல்லையென்றால் பனிக்காட்சியிலும் வெள்ளைச் சட்டையிலும் எழுத்து கரைந்துவிடும்.

"பாதிப் படத்துக்கு மேல் எழுத்து ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்" என்றார் அண்ணாச்சி. அதற்கும் காரணம் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் சோதியுங்கள். இரண்டிலும் ஒரே அளவு பிந்தினால் எல்லா நேரத்தையும் அந்த அளவு நகர்த்தினால் போதும். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால், பிரேம் வேகம் வேறு என்று பொருள். சினிமா வினாடிக்கு 24 பிரேம். ஐரோப்பியத் தொலைக்காட்சிக்காக அதை 25இல் ஓட்டுவார்கள். 120 நிமிடப் படம் 115 நிமிடம் 12 வினாடியில் முடிந்துவிடும். 24க்குச் செய்த சப்டைட்டிலை இதோடு போட்டால் கடைசியில் 4 நிமிடம் 48 வினாடி தவறும். எல்லா நேரத்தையும் 0.96ஆல் பெருக்கினால் ஒட்டிக்கொள்ளும். இலவசமாகக் கிடைக்கும் 'சப்டைட்டில் எடிட்' என்ற மென்பொருளில் இது சில சொடுக்குகளில் முடிகிற வேலை.

எழுத்து உடைவது வேறு கதை. சப்டைட்டில் கோப்பை, எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் யூடிஎஃப்-8 முறையில் சேமிக்காவிட்டால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும். அப்படிச் சேமித்தும் சில தொலைக்காட்சிகளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அல்லது வெறும் கட்டம் வரும். அந்தப் பெட்டிக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஊரில் திரைகட்டிக் காட்டுவதாக இருந்தால் சப்டைட்டிலைக் காணொளியிலேயே பதித்து எடுத்துவிடுவது நல்லது. பிறகு எந்தக் கருவியில் போட்டாலும் உடையாது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். நமக்குக் கிடைக்கும் தமிழ் சப்டைட்டில்களில் பல, ஆங்கில சப்டைட்டிலைப் பார்த்துச் செய்தவை. ஆங்கிலத்தில் நீ, நீர், நீங்கள் எல்லாம் ஒரே சொல். ஜப்பானியரும் கொரியரும் மரியாதைப் படிநிலை இல்லாமல் வாயே திறக்க மாட்டார்கள். நம்மிடம் அந்தப் படிநிலை அப்படியே இருக்கிறது. ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி', 1953. வயதான பெற்றோர் ஓனோமிச்சியிலிருந்து டோக்கியோவுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். பெற்ற பிள்ளைகளுக்கு நேரமில்லை. போரில் கணவனை இழந்தபின் தனியாக வாழும் மருமகள் நோரிகோதான் விடுப்பு எடுத்து ஊர்சுற்றிக் காட்டுகிறாள். அவள் மாமியாரை விளிப்பது அம்மா என்ற பொருள்படும் சொல்லால். தமிழில் "அத்தை" என்று எழுதுவது நம் வழக்கத்துக்குப் பொருந்தும்தான். ஆனாலும் "அம்மா" என்றே எழுத வேண்டும் என்பேன். பெற்ற மகள் சலிப்போடு பேச, வந்த மகள் "அம்மா, நீங்க உட்காருங்க" என்று சொல்லும் அந்த ஒரு விளியில்தான் படம் இருக்கிறது. நோரிகோவாக நடித்த செட்சுகோ ஹாராவின் மெல்லிய குரல் காதில் விழ, அந்தத் தமிழ் கண்ணில் விழ வேண்டும்.

வாக்கிய அமைப்பையும் பாருங்கள். ஜப்பானியம், கொரியம், தெலுங்கு, மலையாளம் எல்லாவற்றிலும் நம்மைப் போலவே வினை கடைசியில் வரும். "இல்லை" என்பதும் கடைசியில்தான். பேசுபவர் ஆம் என்பது போலத் தொடங்கி இல்லை என்று முடிக்கும்போது, கேட்பவர் முகம் எந்த நொடியில் வாடுகிறதோ அந்த நொடியில் நம் எழுத்திலும் "இல்லை" வரும். ஆங்கிலத்துக்கு இந்தப் பேறு இல்லை.

'பாரசைட்' என்ற கொரியப் படத்தில் இரண்டு உடனடி நூடுல்ஸைக் கலந்து செய்யும் ஜப்பகூரி என்ற பண்டம் வருகிறது. ஆங்கில சப்டைட்டிலில் ராமென், உடோன் என்ற இரண்டு நூடுல்ஸ் பெயர்களைச் சேர்த்து "ராம்டான்" என்று ஒரு புதுச்சொல் படைத்தார்கள். தமிழில் அதைப் பின்பற்றத் தேவையில்லை. "ஜப்பகூரி" என்றே எழுதலாம். அடுப்பில் கொதிப்பதைப் படமே காட்டுகிறதே.

குழந்தைகளும் படிக்கத் தெரியாத பெரியவர்களும் என்ன செய்வார்கள் என்று கேட்டார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்காத குழந்தைக்கான பொம்மைப் படத்தை டப் செய்யுங்கள், எங்கள் அணி தடுக்கவில்லை. ஆனால் காது கேளாதவருக்கு டப்பிங் ஒன்றுமே தருவதில்லை. தமிழ்ப் படத்துக்கும் தமிழ் சப்டைட்டில் வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள், அது நியாயமான உரிமை.

"இதையெல்லாம் யார் உட்கார்ந்து செய்வது?" என்று கடைசியாகக் கேட்டார் அண்ணாச்சி. மலைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். எம்சோன் என்ற தன்னார்வலர் குழு 2012 முதல் உலகப் படங்களுக்கு மலையாள சப்டைட்டில் செய்து வருகிறது. ஈரானியப் படம், கொரியப் படம், பிரெஞ்சுப் படம் என்று ஆயிரக்கணக்கில் முடித்திருக்கிறார்கள். பேச்சு நிறைந்த இரண்டு மணி நேரப் படத்தில் ஆயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு தலைப்பு வரும். ஆறு பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு ஏறக்குறைய நூற்றெழுபது முதல் இருநூற்றைம்பது வரை. ஏழாவதாக ஒருவர் முழுவதையும் படத்தோடு ஓட்டிப் பார்த்து, ஒரு பாத்திரம் பாதியில் "நீ"யிலிருந்து "நீங்கள்" ஆகிவிடாமல் காக்க வேண்டும். ஆயிரக்கணக்கானோர் இரு மொழியும் காதில் வாங்கி வளரும் இந்த எல்லைப் பகுதியில் ஏழு பேர் கிடைக்க மாட்டார்களா?

நடுவர் ஐயா மணியைத் தொட்டுவிட்டார். ஒரே ஒரு காட்சி. ரித்விக் கடக் இயக்கிய வங்காளப் படம் 'மேகே டாகா தாரா', 1960. குடும்பத்துக்காக உழைத்துத் தேய்ந்த நீதா, காசநோயோடு ஷில்லாங் மலையில் அண்ணனிடம், தான் வாழ விரும்பியதாகக் கதறுகிறாள். அந்தக் கதறல் மலைகளில் எதிரொலித்துக்கொண்டே போகிறது. அங்கே தமிழை ஒரே ஒரு முறை எழுத வேண்டும். ஒவ்வொரு எதிரொலிக்கும் திரும்ப எழுதக் கூடாது. முதல் குரல் அடங்கியதும் எழுத்தை எடுத்துவிட்டு, திரையின் அடிப்பகுதியை வெறுமையாக விட்டுவிட வேண்டும். மிச்சத்தை நீதாவாக நடித்த சுப்ரியா சௌத்ரியின் குரலும் அந்த மலையும் பார்த்துக்கொள்ளும். நன்றி, வணக்கம்.