பழுதுபட்டே உலகைச் சுற்றிய படகு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

என் பணிக்காலம் முழுவதும் சரக்குக் கப்பல்களின் எந்திர அறைகளில் கழிந்தது. அங்கே ஒரு பம்பு நின்றுபோனால் பக்கத்திலேயே மாற்றுப் பம்பு இருக்கும். உதிரி பாகம் இல்லையென்றால் அடுத்த துறைமுகத்துக்குச் சொல்லி அனுப்புவோம். கைகொடுக்க நான்கு பேர் ஓடிவருவார்கள். இவற்றில் ஒன்றுகூட இல்லாத ஒரு பயணத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். 32 அடி நீளமுள்ள ஒரு மரப்படகில் தனியொருவராகப் புறப்பட்டு, எந்தத் துறைமுகத்திலும் நில்லாமல், வழியில் எவரிடமிருந்தும் ஓர் ஆணிகூட வாங்காமல், உலகைச் சுற்றிவந்த ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் பயணம் அது. 1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மவுத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியவர், 1969 ஏப்ரல் 22 அன்று அதே துறைமுகத்துக்குத் திரும்பினார். இடைப்பட்ட பத்து மாதங்களில் அந்தப் படகில் பழுதாகாத பொருள் எது என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபிரான்சிஸ் சிச்செஸ்டர் 1967-இல் சிட்னியில் மட்டும் நின்று தனியாக உலகைச் சுற்றி முடித்திருந்தார். நிற்காமலே சுற்ற முடியுமா என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி. லண்டனின் சண்டே டைம்ஸ் வார இதழ் 1968-இல் அதை ஒரு போட்டியாகவே அறிவித்தது. முதலில் சுற்றி முடிப்பவருக்குத் தங்க உலக உருண்டைக் கோப்பை, மிகக் குறைந்த நாளில் முடிப்பவருக்கு 5000 பவுண்டு என்று பரிசுகள் வைக்கப்பட்டன. ஒன்பது பேர் புறப்பட்டார்கள். முடித்தவர் ஒருவர்தான்.

அந்த ஒருவருடைய படகு பம்பாயில் கட்டப்பட்டது. நாக்ஸ்-ஜான்ஸ்டன் அப்போது பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்தில் அதிகாரியாக இருந்தார். அவர் கேட்டிருந்தது வேறொரு படகின் வரைபடம். வந்து சேர்ந்ததோ பழைய நார்வே மீட்புப் படகுகளின் வழிவந்த, கனமும் அகலமும் மிகுந்த ஒரு படகின் வரைபடம். காலம் கடத்த விரும்பாமல் அதையே கட்டத் தொடங்கினார்கள். முழுக்கத் தேக்கு. பம்பாய்த் தச்சர்கள் வாய்ச்சியால் செதுக்கியும், கயிறு சுற்றி இழுக்கும் துரப்பணத்தால் துளையிட்டும் கட்டி முடித்த அந்தப் படகுக்கு, அரபுக் கடலோடிகள் ஒரு காற்றுக்கு வைத்திருந்த பெயரான சுஹைலி என்பதையே சூட்டினார். அதிலேயே தம்பியோடும் நண்பரோடும் ஏறி இங்கிலாந்துக்கும் போய்ச் சேர்ந்தார். போட்டி அறிவிக்கப்பட்டபோது வேகமான புதுப்படகு ஒன்றைக் கட்ட அவர் பணம் தேடினார், கிடைக்கவில்லை. ஆகவே மெதுவாகப் போகும் சுஹைலியிலேயே புறப்பட்டார். அந்தப் பணம் கிடைக்காமல் போனதுதான் அவருக்கு வாய்த்த பெரும்பேறு என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

புறப்பட்டுச் சில வாரங்களில், கேப் வெர்டி தீவுகளுக்குத் தெற்கே, படகின் அடியில் தண்ணீர் சேர்வது அதிகரித்தது. காற்று தணிந்த ஒரு நாளில் முகமூடி அணிந்து கடலுக்குள் இறங்கிப் பார்த்தார். நம் தோணி கட்டுவோர் ஏரா என்று சொல்கிற அடிக்கட்டைக்கும், அதை ஒட்டிய முதல் பலகைக்கும் இடையிலுள்ள இணைப்பு, பெரிய பாய்மரத்துக்கு நேர் கீழே ஏறத்தாழ எட்டு அடி நீளத்துக்கு விட்டுப்போயிருந்தது. மறுபக்கத்திலும் அதே நிலைமை. படகு முன்னும் பின்னும் அசையும்போது அந்த இடைவெளி திறப்பதையும் மூடுவதையும் அவர் கண்ணாலேயே கண்டார். அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென்கடலின் பேரலைகள் இன்னும் ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் இருக்கும்போதே இப்படி ஒரு நிலை.

பலகை இணைப்புகளில் பஞ்சுத் திரியைச் செருகி அடிப்பதை நம் கடற்கரைத் தச்சர்கள் கலப்பத்து என்பார்கள். படகைக் கரையேற்றிச் சாய்த்து வைத்துக்கொண்டு, உட்கார்ந்து, பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை அது. நாக்ஸ்-ஜான்ஸ்டன் அதைத் தண்ணீருக்கு அடியில், மூச்சை அடக்கிக்கொண்டு, மேலும் கீழும் ஆடும் படகின் அடியில் தொங்கியபடி செய்ய முயன்றார். திரியைச் செருகிவிட்டு மூச்சுவாங்க மேலே வந்து திரும்புவதற்குள் அது வெளியே பிதுங்கிவிடும். பலமுறை முயன்றும் பலனில்லை. அந்த இடத்தில்தான் அந்த மனிதரின் தொழிலறிவு வெளிப்படுகிறது. படகின் மேல் ஏறி அமர்ந்து, ஒன்றரை அங்குல அகலத்தில் நீளமாக ஒரு கித்தான் பட்டையை வெட்டினார், பஞ்சுத் திரியை அந்தப் பட்டையின் மீது வைத்துத் தைத்தார், கீல் எனப்படும் தாரில் தோய்த்தார், செம்பு ஆணிகளை அரையடிக்கு ஒன்றாகப் பட்டையிலேயே முன்கூட்டிக் குத்தி வைத்துக்கொண்டார். தண்ணீருக்குள் செய்ய வேண்டியது, பட்டையைப் பொருத்தி ஆணியைச் சுத்தியால் அடிப்பது மட்டுமே என்றாகிவிட்டது. பாதி வேலையைக் காற்றுள்ள இடத்துக்கு மாற்றிக்கொண்டார் என்று சொன்னால் சரியாக இருக்கும். இடையில் ஒரு சுறா படகைச் சுற்றி வரவே, மேலேறிக் காத்திருந்து, அதைத் துப்பாக்கியால் சுட்ட பிறகு மீண்டும் இறங்கினார். கித்தான் கிழிந்துவிடக்கூடும் என்ற ஐயத்தால் அதன்மேல் செம்புத் தகட்டையும் அறைந்தார். ரேடியோவைப் பொருத்த வந்தவர்கள் மிச்சம் வைத்துவிட்டுப் போன தகடு அது. ரேடியோவின் ஒலிபரப்பி தென்கடலில் பழுதாகி அதன் பிறகு அவர் குரல் எவருக்கும் கேட்கவில்லை. ஆனால் அதன் மிச்சத் தகடு ஏராவை உறுதியாகப் பற்றிக்கொண்டிருந்தது.

செப்டம்பர் தொடக்கத்தில் தென்கடலுக்குள் நுழைந்ததும், ஒரு பேரலை சுஹைலியைப் பக்கவாட்டில் சாய்த்துப் போட்டது. படகு நிமிர்ந்துவிட்டது; ஆனால் மேலறை அசைந்து இணைப்புகளில் விரிசல் விட்டிருந்தது. தொட்டிகளில் இருந்த நன்னீர் கெட்டுப்போயிற்று. அதன் பிறகு பாயில் வழியும் மழைநீரைப் பிடித்துத்தான் குடிநீரைச் சமாளித்தார். மின்கலத்தைச் சோதித்தபோது படகு குலுங்கி, அமிலம் ஒரு கண்ணில் தெறித்தது. டர்பனுக்குத் திரும்பிவிடலாமா என்று எண்ணிப் பார்த்துவிட்டு, கண்ணைக் கழுவிக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார்.

எந்திரத் தொழிலில் இருந்தவன் என்பதால் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். மின்கலத்தை ஏற்றுகிற சிறிய எந்திரம் பழுதாகி, அதன் தீப்பொறி இடைவெளியை மறுபடி சரிசெய்ய வேண்டி வந்தது. இந்த வேலைக்கு மெக்கானிக்குகள் எல்லோரும் ஃபீலர் கேஜ் வைத்திருப்பார்கள். மெல்லிய தகடுகளின் அந்தச் சிறு கட்டு இல்லாமல் நான் எந்திர அறைக்குள் இறங்கியதே இல்லை. அவரிடம் அது இல்லை. தேவையான இடைவெளியோ அங்குலத்தில் ஆயிரத்தில் 12 முதல் 15 பங்கு. அவர் ஒரு புத்தகத்தை எடுத்துத் தாள்களை அழுத்திப் பிடித்து எண்ணினார். ஓர் அங்குலத்துக்கு 200 தாள்கள் வந்தன. அப்படியென்றால் ஒரு தாள் ஆயிரத்தில் 5 பங்கு. மூன்று தாள் 15 பங்கு. மூன்று தாளை இடையில் செருகி இடைவெளியை வைத்தார். எந்திரம் ஓடியது. இந்தக் கணக்கை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் போட்டுவிடும். ஆனால் குளிரிலும் ஈரத்திலும், உறக்கம் கெட்ட தலையோடு, ஆடுகிற படகில் அது தோன்ற வேண்டுமே! அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

பயணத்தின் மிகப்பெரிய இழப்பு ஆஸ்திரேலியாவின் தெற்கே நேர்ந்தது. தனியாகப் போகிறவர் தூங்க வேண்டுமென்றால் சுக்கானை வேறு ஏதாவது பிடித்தாக வேண்டும். காற்றின் திசைக்கேற்பத் திரும்புகிற ஒரு தகடு, தண்ணீருக்குள் இருக்கும் சிறிய துணைச் சுக்கானைத் திருப்பிப் படகை வழியில் வைத்திருக்கும். அதுதான் காற்றுச் சுக்கான். சுஹைலியின் காற்றுச் சுக்கான் உடைந்தது, மாற்றுப் பாகத்தைப் போட்டார், அதுவும் உடைந்தது. உலகின் பாதிச் சுற்று இன்னும் எஞ்சியிருந்தது. அவர் இரு பாய்மரங்களிலும் உள்ள பாய்களை ஏற்றியும் இறக்கியும், கயிறுகளை இறுக்கியும் தளர்த்தியும், சுக்கான் பிடியைக் கட்டிவைத்தும், படகு தானாகவே காற்றுக்கு ஒரே கோணத்தில் போகும்படி சமன் செய்தார். நீண்ட அடிக்கட்டையும் இரு மரங்களும் உள்ள பழங்காலப் படகுக்கே இது வாய்க்கும். அவர் ஆசைப்பட்ட வேகமான புதுப்படகில் இது முடிந்திருக்குமா என்பது எனக்குப் பெரும் ஐயம்.

டாஸ்மன் கடலில் சுக்கான் பிடியே முறிந்தது. நியூசிலாந்தின் ஒட்டாகோ துறைமுக வாயிலில் படகு தரைதட்டி, நீரேற்றத்தில் மீண்டது. அங்கு ஒரு செய்தியாளரைச் சந்தித்த பிறகு நாலரை மாதம் அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. 1969 ஜனவரி 17 அன்று தென் அமெரிக்காவின் தென்கோடியான கேப் ஹார்ன் முனையைக் கடந்ததும் உலகுக்குத் தெரியாது. ஏப்ரலில் அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே ஒரு எண்ணெய்க் கப்பல் அவரைக் கண்டு செய்தி சொல்லும்வரை, அவர் இறந்திருக்கக்கூடும் என்றே பலர் அஞ்சினார்கள்.

மற்றவர்களுக்கும் பழுதுகள் வந்தன. பிரெஞ்சுக்காரர் பெர்னார் முவாத்தெசியேவின் எஃகுப் படகு கேப்டவுன் அருகே ஒரு சரக்குக் கப்பலில் மோதி, அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், நீட்டிக்கொண்டிருந்த எஃகுக் குழாய் வளைந்தது. அவர் கப்பியும் கயிறும் கொண்டு அதை இழுத்து நிமிர்த்திவிட்டார். டொனால்ட் க்ரோஹர்ஸ்டின் மூவுடல் படகோ, புறப்படக் கடைசி நாளான அக்டோபர் 31 அன்று பாதி முடிந்த நிலையில் கிளம்பியது. கவிழ்ந்தால் தானாக நிமிர்த்த வேண்டிய மின்னணு ஏற்பாட்டுக்காகப் படகு முழுதும் கம்பிகள் ஓடின. அவை போய்ச் சேர வேண்டிய கருவி செய்யப்படவே இல்லை. உள்ளே புகும் நீரை இறைக்கும் குழாயும் கரையிலேயே தங்கிவிட்டது. ஒரு பக்க மிதவையில் நீர் புகுந்தபோது வாளியால்தான் இறைக்க வேண்டியிருந்தது. தென்கடலுக்குப் போகவும் முடியாமல் கடன் சுமையோடு திரும்பவும் முடியாமல் அந்த மனிதர் பட்ட துயரத்தை நான் இங்கு அளக்க வரவில்லை. 1969 ஜூலையில் படகு ஆளில்லாமல் கண்டெடுக்கப்பட்டது. தமக்குக் கிடைத்த 5000 பவுண்டையும் நாக்ஸ்-ஜான்ஸ்டன் க்ரோஹர்ஸ்டின் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டார்.

இந்தப் பயணத்தை நான் திரும்பத் திரும்ப நினைப்பதற்குக் காரணம் இதுதான். சுஹைலியில் இருந்தவை பெரும்பாலும் மரம், கித்தான், கயிறு, கீல், செம்பு. உடைந்தால் உடைந்த இடம் கண்ணுக்குத் தெரியும். அதைக் கையால் திறக்கலாம், வேறு ஏதாவது ஒன்றை வைத்துத் தைக்கலாம், அறையலாம், கட்டலாம். ஒரு பொருளை எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தவனுக்கு, அது எப்படிக் கெடும் என்பதும் தெரியும்.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு அதே போட்டி, பழைய கருவிகளோடு மட்டுமே போக வேண்டும் என்ற விதியோடு மீண்டும் நடந்தது. நம் கடற்படையின் அபிலாஷ் டாமி, சுஹைலியின் வடிவில் கோவாவில் கட்டப்பட்ட துரியா என்ற படகில் 2018-இல் சென்றார். இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் புயலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு அடிபட்டு, பிரெஞ்சுக் கப்பலொன்றால் மீட்கப்பட்டார். அறுவைச் சிகிச்சைக்குப் பின் 2022-இல் மறுபடி புறப்பட்டார். அந்தப் பயணத்தில் அவருடைய காற்றுச் சுக்கானும் உடைந்தது. அவர் தம் படகின் கழிவறைக் கதவைக் கழற்றி அறுத்து அதற்குத் தகடு செய்தார். 236 நாள் கடலில் இருந்து, 2023 ஏப்ரல் 29 அன்று இரண்டாவதாகக் கரை சேர்ந்தார். தென்கடலில் கதவை வெட்டிக்கொண்டிருந்தவரும், வெப்பமண்டலக் கடலில் கித்தானைத் தைத்துக்கொண்டிருந்தவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சுஹைலி பிற்காலத்தில் சில ஆண்டுகள் கிரீனிச்சில் உள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்தது. அங்கிருந்த உலர்ந்த காற்றில் அதன் பலகைகள் சுருங்கத் தொடங்கின. அதைக் கண்டு பொறுக்காத நாக்ஸ்-ஜான்ஸ்டன் படகை வெளியே எடுத்துவந்து, ஆணிகளை மாற்றி, பலகைகளைச் சரிசெய்து, மறுபடி தண்ணீரில் இறக்கினார். ஃபால்மவுத்திலிருந்து அவர் புறப்பட்ட ஐம்பதாம் ஆண்டு நாளில், 2018 ஜூன் 14 அன்று, பம்பாய்த் தச்சர்கள் செதுக்கிய அந்தத் தேக்குப் படகு அதே துறைமுகத்தில் மிதந்துகொண்டிருந்தது.